பதிமூன்றுக்குப் பூஜ்யம், கை காட்டியது நான்தான்

பேஸ்பால் மைதானத்தில் மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு கட்டம் இருக்கும். அதில் நின்றுகொண்டு, ஓடிவரும் பையன்களுக்கு "வா", "நில்" என்று கை காட்டுவதுதான் என் வேலை. பேஸ் என்பது தரையில் பதித்த திண்டு. மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். சம்பளம் கிடையாது. மகன் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் சேர்ந்தபோது, ஆள் பற்றாக்குறை என்று என்னையும் துணைக் கோச்சாக இழுத்துவிட்டார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்குப் பாதி விதிகளைப் பையன்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

அவனுக்குப் பதினொரு வயது. அன்று நாங்கள் 13, அவர்கள் 0. இரண்டாவது இன்னிங்ஸ்கூட முடியவில்லை.

அவர்களுடைய கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் இருப்பவன்) முகமூடிக்குள் காணாமல் போய்விடும் அளவுக்குச் சின்னப் பையன். மார்புக் கவசம் தொடைவரை தொங்கியது. பந்து போடும் பிட்சர் களைத்துப்போய்ப் பந்தை மண்ணில் குத்திக் குத்திப் போட, அது கேட்சரின் கால் சந்தில் புகுந்து பின்வேலி வரை ஓடியது. லிட்டில் லீக்கில் இந்த வயதுப் பிரிவில், பந்து பேட்டரை எட்டும்வரை ஓடுகிறவன் பேஸை விட்டு நகரக் கூடாது. ஆனால் கேட்சர் தவறவிட்டால் ஓடலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் அவன் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு ஓடினான், ஒவ்வொரு தடவையும் நான் கையைச் சுழற்றினேன், எங்கள் பையன் ஒருவன் ஹோம் பிளேட்டைத் தொட்டான்.

பதினான்காவது ரன்னுக்கு ஓடியவன் என் மகன். அந்தத் தடவை கேட்சர் ஓடவில்லை. பந்து வேலியோரம் கிடந்தது. அவன் முகமூடியைக்கூடக் கழற்றாமல் மெதுவாக நடந்துபோய் அதைக் குனிந்து எடுத்தான். முகமூடிக்குள் அழுதுகொண்டிருந்தான் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. ஹோம் பிளேட்டைத் தாண்டிய என் மகன் திரும்பி என்னைப் பார்த்தான். எங்கள் பையன்கள் உட்காரும் டக்-அவுட்டில் கும்மாளம். நான் கை தட்டினேன்.

அன்றைக்கு எங்களிடம் ஒரு சாக்கு இருந்தது. மூன்று இன்னிங்ஸ் முடியும்போது 15 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். நான்கு இன்னிங்ஸ் ஆகியிருந்தால் 10 ரன் போதும். இரக்க விதி என்று இதற்குப் பெயர். "சீக்கிரம் பதினைந்தைத் தொட்டுவிட்டால் அவர்களுக்கும் நிம்மதிதானே" என்று தலைமைக் கோச் சொன்னார், நானும் தலையாட்டினேன். அடிக்கிறவனே 'சீக்கிரம் முடிக்கத்தான் வேகமாக அடிக்கிறேன்' என்று சொல்லும் நியாயம்தான் இது என்று அப்போது உறைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை தட்டிக்கொண்டே கடந்து போகும். "குட் கேம், குட் கேம், குட் கேம்" என்று மந்திரம் மாதிரி ஒரே மூச்சில் சொல்வார்கள். பையன்களுக்குப் பின்னால் கோச்சுகள். அவர்களுடைய கோச் வயதானவர், தொப்பியில் உப்புப் பூத்திருந்தது. என் கையைப் பிடித்தவர் உடனே விடவில்லை.

"பசங்க நல்லா ஆடுறாங்க. மூணாவது பேஸ்ல நிக்கிறவர்தான் இனிமே கொஞ்சம் கையை இறக்கிக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. காரில் ஏறும்வரை அவர் மேல் கோபம். ஏறியபிறகு என் மகன், "அப்பா, அந்தப் பையன் அழுதான், பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் யோசித்தது இதைப் பற்றித்தான். எங்கள் அணியில் கெட்ட பையன் என்று ஒருவனும் இல்லை, வெறும் ஜெயிக்கிற பையன்கள். தோற்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எல்லாக் கோச்சும் சொல்லித்தருகிறோம்: அழாதே, மட்டையை எறியாதே, கை கொடு. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

தெரியாததைச் சரிசெய்யப் போய் அடுத்த தப்பைச் செய்தேன். மூன்று வாரம் கழித்து இன்னோர் அணியை 11-1 என்று நசுக்கிக்கொண்டிருந்தோம். பாடம் கற்ற திமிரில் நான் பையன்களிடம், "இனிமே யாரும் அடிக்க வேண்டாம், சும்மா மட்டையைச் சுழற்றிட்டு வாங்க. பேஸ்ல இருக்கிறவன் முன்னாடியே கிளம்பிப் பிடிபட்டு அவுட் ஆயிடு" என்று காதோடு காதாகச் சொன்னேன். ஒருவன் தலைக்கு மேல் வந்த பந்துக்கு மட்டையை வீசிவிட்டுச் சிரித்தான். இன்னொருவன் பந்து வருமுன்பே பேஸை விட்டு உலாத்தப் போனான். எதிரணி முதல் பேஸ்காரன், பன்னிரண்டு வயதுதான் இருக்கும், என் பக்கம் திரும்பி நேராகக் கேட்டான்: "எங்களைக் கிண்டல் பண்றீங்களா?"

முதல் ஆட்டத்தில் நாங்கள் அடித்தது அடி. இது அதைவிட மோசம். அடித்தபோதாவது அவர்களை எதிரணியாக மதித்தோம், இப்போது பாவப்பட்டவர்களாக ஆக்கிவிட்டோம். எதிராளியை மதிக்கிறவன் அவனுக்கு முன்னால் நடிக்க மாட்டான்.

அதற்குப் பிறகு பக்கத்து லீக் கோச்சுகளிடமெல்லாம் கேட்டு, தப்பும் தவறுமாக முயன்று, எங்களுக்கென்று ஒரு வழக்கம் உருவானது. பேட் பிடிக்கிறவன் எப்போதும் முழு மனதோடு அடிப்பான், அதில் சமரசமே கிடையாது. தினமும் எட்டாவது ஒன்பதாவதாக ஆடும் பையன் வாழ்நாளில் ஒரு நல்ல அடி அடிக்கக் காத்திருப்பான். ஸ்கோர் 12-0 என்பதற்காக அவனை வேண்டுமென்றே அவுட் ஆகச் சொல்ல எனக்கு என்ன உரிமை? கட்டுப்பாடு எல்லாம் ஓட்டத்தில்தான். வித்தியாசம் எட்டு ரன் ஆனதும் ஸ்டீல், அதாவது அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது, கிடையாது. கேட்சர் தவறவிட்ட பந்துக்கு ஓடுவது கிடையாது. ஒற்றை அடிக்கு ஒரு பேஸ், அவ்வளவுதான். இதை நான் மூன்றாவது பேஸிலிருந்து கத்திச் சொல்வதில்லை, ஏனென்றால் அது எதிரணிக்குக் கேட்டால் மறுபடியும் அவமானம். தொப்பியின் முனையைத் தொட்டால் 'இனி நில்' என்று பையன்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இடம் மாற்றுவது. கேட்சராக ஆசைப்பட்டுக்கொண்டே இருக்கும் பையனுக்கு அன்றைக்குத்தான் கவசம் கிடைக்கும். பிட்சராக ஒருநாளும் நிற்காதவன், பிட்சர் நிற்கும் மேடான மவுண்டில் ஏறுவான். அவன் திணறுவான், எதிரணிக்கு இரண்டு மூன்று ரன் உண்மையாகவே கிடைக்கும், இவனுக்கும் அது உண்மையான பயிற்சி. யாரும் நடிக்கவில்லை. இதில் ஒரு லாபமும் உண்டு. இந்த வயதில் ஒரு பிட்சர் ஒருநாளைக்கு 85 பந்துக்கு மேல் போடக் கூடாது, 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும்போது நல்ல பிட்சரின் கையைச் செலவழிப்பது பெருந்தன்மை இல்லாதது மட்டுமில்லை, முட்டாள்தனமும்கூட.

டக்-அவுட் கூச்சல் பற்றியும் ஒரு விதி வைத்தோம். நம்மவன் பெயரைச் சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். எதிரணிப் பையனின் சட்டை எண்ணைச் சொல்லிக் கத்தக் கூடாது. எளிதான விதி, பையன்கள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோர்களுக்குத்தான் ஒரு சீசன் ஆனது.

பெற்றோர்கள் என்றதும் அம்பயர் ஞாபகம் வருகிறார். எங்கள் ஆட்டங்களுக்கு அம்பயராக வருகிறவர்களில் பாதிப் பேர் பதினைந்து, பதினாறு வயது மாணவர்கள். ஒரு ஸ்டிரைக் (அடிக்கக்கூடிய பந்தை பேட்டர் தவறவிடுவது, மூன்று ஆனால் அவுட்) பற்றிய தீர்ப்பு தவறிப்போனால் நாற்பது வயது ஆட்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையைத் திட்டுகிறோம். நானும் ஒருநாள் திட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. அதற்கு மறுநாள் பயிற்சியில், மழைக்கு ஒதுங்கி டக்-அவுட்டில் உட்கார்ந்திருந்தபோது, பையன்களுக்கு ஒரு பழைய ஆட்டத்தைப் போனில் போட்டுக் காட்டினேன்.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். டைகர்ஸ் அணி பிட்சர் அர்மாண்டோ கலராகா கிளீவ்லாந்தின் முதல் 26 பேரையும் ஒருவர் விடாமல் அவுட் ஆக்கிவிட்டார். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் பெர்ஃபெக்ட் கேம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் அத்தனை வருட வரலாற்றில் அதுவரை இருபதே தடவை நடந்தது. 27-வது ஆள் தரையோடு அடிக்கிறார், முதல் பேஸ்காரர் பந்தைத் தடுத்து எறிகிறார், கலராகா ஓடிவந்து பேஸில் கால் வைத்துப் பிடிக்கிறார். அவுட். மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் அது அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் மட்டும் இரண்டு கையையும் விரித்தார்: சேஃப்.

"அப்புறம் என்ன செஞ்சார் தெரியுமா?" என்று நிறுத்தினேன். "அடிச்சிருப்பார்" என்றான் ஒருவன். கலராகா ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். மவுண்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆளை அவுட் ஆக்கி 3-0 என்று ஆட்டத்தை முடித்தார். பிறகு வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ், தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டு, கலராகாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் அதே மைதானம், ஹோம் பிளேட்டில் அதே ஜாய்ஸ். ஆட்டக்காரர் பட்டியலை அம்பயரிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாக மேனேஜர் வேலை. அன்று அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் பிட்சர் பையன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஆனா அந்த பெர்ஃபெக்ட் கேம் அவருக்குக் கிடைக்கலயே, கோச்" என்றான். ஆமாம், கிடைக்கவில்லை. இன்றைக்கும் ஏட்டில் அது ஒரு ஹிட்தான், பேட்டர் அடித்து பேஸை எட்டியதாகத்தான் பதிவு. நல்லவனாக நடந்தால் நல்லது வந்து சேரும் என்று பையன்களிடம் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மேஜர் லீக்கில் எல்லாம் அழகு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஆட்டம் முடிந்தால் ஜெயித்த அணி தங்களுக்குள்ளேயே வரிசையில் நின்று கை தட்டிக்கொள்ளும், எதிரணிக்குக் கை கொடுக்கும் வழக்கமே கிடையாது. சின்னப் பையன்கள் செய்வதைப் பெரியவர்கள் செய்வதில்லை. எழுதப்படாத விதிகள் என்று ஒன்று உண்டு, அதில் பாதி மரியாதை, மீதி வறட்டுக் கௌரவம். 2020 ஆகஸ்டில் சான் டியாகோவின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர், அணி 10-3 என்று முன்னிலையில் இருந்தபோது, மூன்று 'பால்' (ஸ்டிரைக் ஆகாத, எட்டாத பந்து), ஸ்டிரைக் இல்லை என்ற நிலையில் வந்த பந்தை கிராண்ட் ஸ்லாமாக, அதாவது ஒரே அடியில் நான்கு ரன்னாக அடித்தார். பெரிய முன்னிலையில் இருக்கும்போது அந்த நிலையில் அடிக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. எதிரணி மட்டுமில்லை, அவருடைய மேனேஜரே அதை ஆதரித்துப் பேசவில்லை. என் கருத்து, டாட்டிஸ் செய்தது சரி. சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து போடுகிறவரிடம், சம்பளம் வாங்குகிற பேட்டர் 'பாவம்' பார்க்கத் தேவையில்லை. அந்தக் கேட்சர் பையன் வேறு, அவன் அங்கே கற்றுக்கொள்ள வந்தவன்.

பணிவு என்றால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்று நினைக்கும் பையன்களுக்கு நான் சொல்வது நாடுகள் மோதும் 2023 உலக பேஸ்பால் கிளாசிக் கதை. டோக்கியோவில் ஜப்பானும் செக் குடியரசும். செக் அணியில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு பேஸ்பால் ஆடுகிறவர்கள். பிட்சர் ஓண்ட்ரே சடோரியா எலக்ட்ரீஷியன். அவர் ஜப்பானின் நட்சத்திரம் ஷோஹேய் ஓஹ்தானியை ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) ஆக்கினார். அதே ஆட்டத்தில் ஜப்பான் பிட்சர் ரோகி சசாகி போட்ட 162 கிலோமீட்டர் வேகப் பந்து செக் பேட்டர் வில்லி எஸ்கலாவின் காலில் பட்டது. எழுந்து, கோட்டோரமாக ஓடிக் காட்டி, ஒன்றுமில்லை என்றார் அவர். கூட்டம் மொத்தமும் கை தட்டியது. பிற்பாடு சசாகி இரண்டு பை நிறைய மிட்டாயோடு செக் அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். ஜப்பான் 10-2 என்று ஜெயித்த ஆட்டம் அது. பிறகு அடுத்த கட்ட ஆட்டங்களுக்காக மயாமியில் வந்து இறங்கிய ஓஹ்தானி தலையில் செக் அணியின் தொப்பி.

அதே ஓஹ்தானி அமெரிக்காவுடனான இறுதி ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் சொன்னது, இன்று ஒருநாள் மட்டும் அவர்களை வியந்து பார்ப்பதை நிறுத்துவோம் என்பதுதான். எதிரே அமெரிக்க நட்சத்திரங்கள் மைக் ட்ரௌட்டும் மூக்கி பெட்ஸும் நிற்கிறார்கள், வியந்துகொண்டே இருந்தால் தாண்ட முடியாது என்றார். ஜப்பான் 3-2 என்று ஜெயித்தது, கடைசியில் ஓஹ்தானி ஸ்டிரைக்-அவுட் ஆக்கியது ட்ரௌட்டைத்தான். ஒருநாள் மட்டும் நிறுத்துவோம் என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், மற்ற நாட்களில் எவ்வளவு வியப்பு இருந்திருக்க வேண்டும்!

அடுத்த சீசன். பிளே-ஆஃப். எதிரே அதே அணி, உப்புப் பூத்த தொப்பிக் கோச். அந்தக் கேட்சருக்கு மார்புக் கவசம் இப்போது அளவாக இருந்தது. கடைசி இன்னிங்ஸில் நாங்கள் 4-5 என்று பின்தங்கியிருந்தோம். எங்கள் பிட்சர் 85 பந்தை முடித்து எப்போதோ உட்கார்ந்துவிட்டான். இரண்டு அவுட், இரண்டாவது பேஸில் ஆள், பேட்டோடு என் மகன். மூன்றாவது ஸ்டிரைக் நடுவாக வந்தது. மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவர்கள் பக்கம் எல்லோரும் பிட்சரை நோக்கி ஓடினார்கள். கையுறைகள் வானத்தில் பறந்தன. அது நியாயம்தான், ஜெயித்தவன் துள்ளத்தான் வேண்டும். துள்ளாதே என்று சொல்லும் கோச்சுகளை எனக்குப் பிடிக்காது. என் மகன் மட்டையைக் கீழே விட்டுவிட்டு அசையாமல் நின்றான். கேட்சர் எழுந்தான், இரண்டு எட்டு ஓடினான், நின்றான். திரும்பி வந்து அந்த மட்டையை எடுத்து, பிடியில் ஒட்டிய மண்ணைத் தன் கால்சட்டையில் துடைத்து, என் மகன் கையில் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஓடிப்போய்த் தன் கூட்டத்தின் மேல் விழுந்தான்.

வரிசையில் கை கொடுக்கும்போது நான் அந்தப் பெரியவரிடம் பழைய விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. "நானா அப்படிச் சொன்னேன்?" என்று சிரித்தார்.

வீடு திரும்பும் வழியில் நான் வாய் திறக்கவில்லை. இது தோற்ற நாளில் பெற்றோர் செய்ய வேண்டிய ஒரே காரியம், ஜெயித்த நாளிலும் ஏறக்குறைய இதுதான். காரில் ஆட்டத்தை அலசாதீர்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். பாதி தூரம் போனதும் அவனாகவே, "அந்த கேட்சர் பேரு எனக்குத் தெரியாது, அப்பா" என்றான்.

இப்போது அவனுக்குப் பதினாறு. சனிக்கிழமைகளில் சின்னப் பசங்க ஆட்டத்துக்கு அம்பயராக நிற்கிறான். போன மாதம் முதல் பேஸில் ஒரு அவுட்டை சேஃப் என்று கொடுத்துவிட்டான். அதனால் ஒரு ரன் போய், அந்த அணி தோற்றது. நான் வேலிக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நின்றேன், எளிதாக இல்லை. முடிந்ததும் அவன் நேராகத் தோற்ற அணியின் கோச்சிடம் போனான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, அவர் தோளைத் தட்டியது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தவன் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு நேரமாச்சு என்று பிளேட்டைத் தூரிகையால் துடைக்கப் போனான்.